கிளட்ச் மாற்றுதலும் கியர்ப்பெட்டியை மீண்டும் பொருத்துதலும்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பலாவும் வாழையும் மிளகும் ஏற்றிக்கொண்டு சமவெளிக்கு இறங்கும் சிறு சரக்கு வண்டி, மாலையில் மீண்டும் மலையேறும்போது, ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுபவரின் இடக்கால் கிளட்ச் மிதியை நாடுகிறது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைத்த கிளட்ச் ஒரு நாள் தளர்ந்துபோகிறது. எஞ்சின் இரைகிறது, வண்டியோ ஏற மறுக்கிறது.

மலைப்பாதையில் மட்டுமன்றி, சமவெளிக் கிராமங்களிலும் இந்நிலை நேர்வதுண்டு. ஒரே ஒரு வண்டியை நம்பிக் காய்கறியும் பாலும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் குடும்பத்திற்கு, அவ்வண்டி நான்கு நாள் நின்றாலும் விளைபொருள் வாடிப் பெருநட்டம் உண்டாகும். ஆதலின், "இவ்வேலையை நம் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ள இயலாதா?" என்று கேட்போர் பலர். இயலும் என்பதே விடை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வண்டியைத் தாங்கும் முட்டுகள் உறுதியாக இருத்தல் வேண்டும். உடன் ஒருவர் துணை நிற்றல் வேண்டும். எந்த இடத்திலும் வலிமையைக் காட்டி அவசரப்படாத பொறுமை வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நன்று.

எஞ்சின் முன்புறத்தில் நீளவாக்கில் அமைந்து, பின்சக்கரங்கள் உந்த ஓடும் சிறு சரக்கு வண்டியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. முன்பக்கத்தில் எஞ்சின், அதன் பின் கிளட்ச், அதன் பின் கியர்ப்பெட்டி என்னும் இவ்வரிசையைப் பிரான்சு நாட்டின் பானார்-லெவாசோர் நிறுவனத்தார் 1891-ஆம் ஆண்டிலேயே அமைத்துக் காட்டினர். முன்சக்கரங்களால் ஓடும் கார்களுக்கும் டிராக்டருக்கும் முறை வேறு. டிராக்டரில் எஞ்சினும் கியர்ப்பெட்டியுமே வண்டியின் முதுகெலும்பு. கிளட்சை அடைய வேண்டுமாயின் வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்குரிய தாங்கிகள் இல்லாத இடத்தில் அவ்வேலையைத் தொடாதிருத்தலே அறிவுடைமை.

கிளட்ச் செய்யும் தொழில்

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, சக்கரங்களோ நின்றுகொண்டிருக்கின்றன. ஓடுவதையும் நிற்பதையும் ஒரே கணத்தில் இணைத்தால் எஞ்சின் நின்றுவிடும்; அல்லது ஏதேனும் ஓர் உறுப்பு முறியும். இவ்விரண்டையும் மெல்ல மெல்லச் சேர்ப்பதும், வேண்டும்போது பிரிப்பதுமே கிளட்சின் தொழில்.

எஞ்சினின் பின்முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் உண்டு. அதன்மேல் பிரஷர் பிளேட் என்னும் அழுத்துத் தட்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. அதன் இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்டுள்ளது. அதன் நடுத்துளையில் வெட்டப்பட்டுள்ள பல்வரிகளில் கியர்ப்பெட்டியின் முன்தண்டு நுழைந்து நிற்கிறது. அழுத்துத் தட்டிலுள்ள வில், கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு இறுக்கிப் பிடிக்கும்போது எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டிக்குச் செல்கிறது. நாம் மிதியை அழுத்தினால் ஒரு கவைக்கோல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது, அந்தப் பேரிங் வில்லின் விரல்களை அழுத்துகிறது, பிடி விடுபடுகிறது.

நோயை அறிதல்

கிளட்சைக் கழற்றுமுன் நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். எஞ்சினின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாவிடில், கிளட்ச் நழுவுகிறது என்பது பொருள். மிதியை முழுதும் அழுத்தியும் கியர் உறுமிக்கொண்டே விழுமாயின், கிளட்ச் முழுதும் பிரியவில்லை. புறப்படும்போது வண்டி உதறினால், கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் கேட்டால் ரிலீஸ் பேரிங்கையும், மிதியை அழுத்தியதும் இரைச்சல் நின்றால் கியர்ப்பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கையும் ஐயுறலாம்.

சில வேளைகளில் கிளட்சில் குறையே இராது. மிதிக்கும் கவைக்கோலுக்கும் இடையேயுள்ள கம்பி தளர்ந்திருக்கும். அல்லது நீர்ம அழுத்தத்தால் இயங்கும் வண்டியில் நீர்மம் ஒழுகியிருக்கும். கம்பியைச் சீராக்கினால் தீரும் குறைக்குக் கியர்ப்பெட்டியை இறக்குவது வீண் உழைப்பு. ஆகவே முதலில் மிதியின் தளர்வு அளவையும் நீர்மத்தின் மட்டத்தையும் பார்த்துவிடுக.

வண்டியை உயர்த்தி நிறுத்துதல்

இவ்வேலையில் உயிருக்கு ஊறு நேரக்கூடிய இடம் இதுவே. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். உழுத மண்ணிலும், மழையில் ஊறிய முற்றத்திலும் முட்டுகள் புதைந்து சாயும். ஜாக்கி என்பது தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒரு கணமும் செல்லலாகாது. தூக்கிய பின்னர், வண்டியின் பளுவைத் தாங்கத்தக்க இரும்பு முட்டுகளைச் சட்டத்தின் உறுதியான இடங்களில் கொடுத்து நிறுத்துக. இரும்பு முட்டு கிடைக்காவிடில், கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் ஒருபோதும் வைக்கலாகாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. சில வண்டிகளில் அது பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரங்களை உயர்த்திய பின்னும், அத்தண்டைக் கழற்றிய பின்னும் கைப்பிரேக்கால் பயனில்லை. ஆதலின் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் இன்றியமையாதது. அடியில் செல்லுமுன் வண்டியின் பக்கவாட்டில் நின்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு காணின் முட்டுகளை மீண்டும் அமைக்க வேண்டும். இத்துணையும் செய்த பின்னரே அடியில் படுத்து வேலையைத் தொடங்கலாம்.

கியர்ப்பெட்டியை இறக்குதல்

முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. பின்னர்க் கியர்ப்பெட்டியின் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்க. அவ்வெண்ணெயை வாய்க்காலிலோ நிலத்திலோ ஊற்றலாகாது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

நீண்ட தண்டை அவிழ்க்குமுன், அது இணையும் இரு முகங்களிலும் வண்ணக்குறி ஒன்று இடுக. அதே நிலையில் திரும்பப் பொருத்தாவிடில் ஓடும்போது அதிர்வு தோன்றலாம். அடுத்துக் கியர்க்கோல், வேகமானியின் கம்பி, பின்விளக்குச் சுவிட்சின் கம்பி, கிளட்சின் கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றுக. நீர்மத்தால் இயங்கும் கிளட்சாயின், அதன் சிறு உருளையைக் கழற்றிய பின் எவரும் மிதியை அழுத்தாதபடி பார்த்துக்கொள்க. அழுத்தினால் உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்தவுடன் எஞ்சினின் பின்பாகம் சாயும். ஆகவே அதற்கு முன்னரே எஞ்சினுக்கு அடியில் அகன்ற பலகை ஒன்றை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். பலகையின்றி எண்ணெய்த்தொட்டியின் மேல் ஜாக்கியை வைத்தால் தகடு நசுங்கும். கியர்ப்பெட்டிக்கும் தனி ஜாக்கி கொடுத்து, பட்டையால் அதனோடு கட்டுக. சிறு வண்டியின் கியர்ப்பெட்டியே ஏறக்குறைய 30 முதல் 50 கிலோ வரை இருக்கும்; மார்பின்மேல் ஏந்தி இறக்கத்தக்க பொருள் அன்று அது.

எஞ்சினோடு கியர்ப்பெட்டியை இணைக்கும் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஓர் அட்டையில் கியர்ப்பெட்டியின் முகத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தால் பின்னர்க் குழப்பம் நேராது. எல்லாம் கழன்றபின் கியர்ப்பெட்டியைச் சாய்க்காமல் நேரே பின்னோக்கி இழுக்க வேண்டும். அதன் தண்டு கிளட்ச் பிளேட்டில் இருக்கும்போது பெட்டியைத் தொங்கவிட்டால், முழுப் பளுவும் பிளேட்டின் நடுவில் விழுந்து அதனை வளைத்துவிடும்.

பார்க்க வேண்டியவை

அழுத்துத் தட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றிவிடலாகாது. எதிரெதிராக உள்ளவற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். உள்ளே வில் அழுந்தியிருப்பதால், ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் தட்டின் மூடி கோணிவிடும்.

உள்ளே கரும்பொடி படிந்திருக்கும். பழைய கிளட்ச் பிளேட்டுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. ஆகவே அப்பொடியை ஊதியோ காற்றுப் பம்பினால் அடித்தோ அகற்றலாகாது. மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

பழைய பிளேட் தேய்ந்ததற்குக் காரணம் யாது என்பதை இப்போதே கண்டறிக. உராய்வுப் பொருள் ஆணித்தலைவரை சீராகத் தேய்ந்திருந்தால், அது உழைத்து ஓய்ந்தது என அறியலாம். எண்ணெய் படிந்திருந்தால், எஞ்சினின் பின்முனை ஆயில் சீலோ கியர்ப்பெட்டியின் முன்சீலோ ஒழுகுகிறது. கியர் எண்ணெய்க்குக் கந்தகம் போன்ற கடுநெடி உண்டு. அதைக் கொண்டு இன்ன சீல் என்று கூறிவிடலாம். ஒழுகலை நிறுத்தாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் சில மாதங்களில் கெடும். பிளைவீலின் முகத்தில் நீலப்புள்ளிகளோ, மயிர் போன்ற வெடிப்புகளோ, வரிப்பள்ளங்களோ இருந்தால் அதனைக் கடைசல் பட்டறையில் காட்டி அறிவுரை பெறுக. வெடிப்பு ஆழமானதாயின் புதிய பிளைவீல்தான் வேண்டும்.

ரிலீஸ் பேரிங்கின் விலை, அதனை மாற்றுவதற்காகக் கியர்ப்பெட்டியை மறுமுறை இறக்கும் உழைப்பை நோக்கச் சிறிதே. எனவே பிளேட், அழுத்துத் தட்டு, ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனமாகும். புதிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். எஞ்சினின் பின்முனையில் பைலட் பேரிங் என்னும் சிறு பேரிங் இருக்குமாயின், அதனை விரலால் சுழற்றிப் பார்த்து, கரகரப்பு உண்டெனில் மாற்றுக.

நடுவைக் காணுதல்

புதிய பிளேட்டைப் பழையதோடு வைத்து விட்டத்தையும் பல்வரிகளையும் ஒப்பிடுக. கியர்ப்பெட்டியின் தண்டில் அதனைச் செருகித் தடையின்றி நகர்கிறதா என்று பார்க்க. உற்பத்தியாளர் கூறும் கிரீஸைத் தண்டின் பல்வரிகளில் மெல்லிய படலமாகத் தடவி, பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிவரும் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். மிகுதியாக விட்டால் அது ஓட்டத்தில் தெறித்து உராய்வுப் பொருளில் படியும்.

பிளேட்டில் பிளைவீல் பக்கம் எதுவென்று குறித்திருப்பார்கள். குறியில்லையேல் பிளைவீலின் மேல் கையால் வைத்துப் பார்க்க. நடுப்பகுதி எங்கும் இடிக்காமல், உராய்வு முகம் முழுதும் படிந்து நிற்கும் பக்கமே சரியான பக்கம். திருப்பிப் போட்ட பிளேட்டால் கிளட்ச் பிரியாது. செய்த வேலை முழுவதும் பாழாகும்.

அழுத்துத் தட்டை இறுக்கியபின் பிளேட்டை நகர்த்த முடியாது. ஆகவே இறுக்குமுன் அதன் துளையும் பைலட் பேரிங்கின் துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இதற்கென நடுக்கோல் ஒன்று விற்கிறது. கிடைக்காவிடில் கவலற்க. பழைய இரும்புக் கடையில் அதே வகை வண்டியின் முன்தண்டு கிடைத்தால் அதுவே போதும். ஊரில் கடைசல் அறிந்த தச்சர் இருந்தால், முனை பைலட் பேரிங்கிலும் உடல் பிளேட்டின் துளையிலும் அளவாக நுழையும்படி மரக்கோல் ஒன்றைக் கடைந்து தருவார். அக்கோலைச் செருகிய நிலையில், போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, முடிவில் கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்கு அளவுகாட்டும் ஸ்பானரால் இறுக்குக. கோல் தடையின்றி வெளிவந்து மீண்டும் நுழையுமாயின் நடு சரியாக அமைந்தது.

மீண்டும் பொருத்துதல்

ரிலீஸ் பேரிங் கவைக்கோலில் சரியாக அமர்ந்திருக்கிறதா, எஞ்சினின் முகத்தில் நிலைநிறுத்தும் முளைகள் இரண்டும் இருக்கின்றனவா, கம்பி எதுவும் நடுவே சிக்கியுள்ளதா என்பவற்றை முதலில் பார்க்க. எஞ்சினின் மேல் துளைகளுக்கு ஏற்ற நீண்ட போல்ட்டுகள் இரண்டின் தலையை அறுத்துவிட்டு, அவற்றை அத்துளைகளில் கையால் முடுக்கி வைத்தால், கியர்ப்பெட்டிக்கு அவை வழிகாட்டும் தண்டவாளம்போல் உதவும்.

கியர்ப்பெட்டியை ஜாக்கியில் கட்டி உயர்த்தி, எஞ்சின் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவே இதனையும் சாய்க்க வேண்டும். ஏதேனும் ஒரு கியரில் போட்டு, பின்முனையைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே முன்னே தள்ளுக. பல்வரி பல்வரியோடு சேரும்போது பெட்டி தானாகவே முன்னே வழுக்கும். இரு முகங்களுக்கும் இடையேயுள்ள வெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று துணைவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் ஒரு விரற்கடை வெளி எஞ்சும்போதுதான் பொறுமை சோதிக்கப்படுகிறது. பெட்டி நகர மறுக்கும். உடல் களைத்திருக்கும்; பொழுதும் சாய்ந்திருக்கும். "போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினால் தானே வந்து சேரும்" என்ற எண்ணம் அப்போது எழும். அவ்வாறு இறுக்குதல் கூடவே கூடாது. தண்டின் முனை பைலட் பேரிங்கின் வாயில் முட்டி நிற்கும் நிலையில் இறுக்கினால் பேரிங் நசுங்கும். அல்லது பிளேட்டின் நடு வளையும். அல்லது கியர்ப்பெட்டியின் காது முறியும். காது முறிந்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை பல மடங்கு செலவில் முடியும். முகங்கள் இரண்டும் கைவலுவால் ஒன்றோடொன்று படிந்த பின்னரே போல்ட்டு இறுக்குதற்கு உரியது. படியாவிடில் சாய்வைத் திருத்துக. பின்முனையைத் திருப்பிப் பார்க்க. அதற்கும் இணங்காவிடில் பெட்டியைப் பின்னே எடுத்து நடுவை மறுபடி நோக்குக. மெல்லச் சேர்ப்பதே கிளட்சின் தொழில் என்றோம். அதனைப் பொருத்துவோர்க்கும் அதுவே தொழில்.

பின்னர்க் குறுக்குச் சட்டம், நீண்ட தண்டு, ஸ்டார்ட்டர், கம்பிகள் ஆகியவற்றைக் கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் பொருத்துக. கியர்ப்பெட்டியில் உரிய எண்ணெயை மட்டத்துளை வரை நிரப்ப மறவாதீர். எண்ணெயின்றி ஓடிய கியர்ப்பெட்டி சிறிது தொலைவிலேயே அழியும். மிதியின் தளர்வைக் கையேட்டின்படி அமைக்க வேண்டும். நீர்மக் கிளட்சாயின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.

சோதனையும் பேணுதலும்

வண்டியைத் தரைக்கு இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர் எதிலும் இல்லாத நிலையில் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்க. மிதியை அழுத்திச் சில நொடிகள் பொறுத்துப் பின்கியர் போடுக. உறுமலின்றி விழுந்தால் கிளட்ச் நன்கு பிரிகிறது. முதலில் முற்றத்திலும், அடுத்துப் பளுவின்றிச் சாலையிலும் ஓட்டிப் பார்க்க. மறுநாள் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று நோக்குக. முதற்சில நூறு கிலோமீட்டர் வரை மிகுபளு ஏற்றாதிருத்தல் நலம்.

புதிய கிளட்ச் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பெரும்பாலும் ஓட்டுபவரின் இடக்காலைப் பொறுத்தது. ஓடும்போது மிதியின் மேல் காலை வைத்திருத்தல், மேட்டில் பிரேக்கைப் பயன்படுத்தாமல் கிளட்சின் பிடியிலேயே வண்டியை நிறுத்திவைத்தல், இரண்டாம் கியரில் புறப்படுதல், அளவுக்கு மீறிப் பளு ஏற்றுதல் ஆகிய நான்கும் கிளட்சைத் தின்னும் பழக்கங்கள். மலைவளைவில் நிற்க நேர்ந்தால் கைப்பிரேக்கை இழுத்து, மிதியிலிருந்து காலை எடுத்துவிடுக.

இவ்வேலைக்கு வேண்டிய முட்டுகள், கியர்ப்பெட்டி ஜாக்கி, முறுக்கு அளவுகாட்டும் ஸ்பானர் ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டாரும் வாங்குதல் அரிது. ஓர் ஊரின் உழவர் குழுவோ இளைஞர் மன்றமோ பொதுவில் வாங்கி வைத்து, சிறு வாடகைக்குக் கொடுத்தால் அனைவர்க்கும் பயன்படும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் தொழிற்பிரிவு ஈராண்டுப் பயிற்சியாக அளிக்கப்படுகிறது. அங்குப் பயின்ற இளைஞர் ஒருவர் ஊரில் இருப்பாராயின், முதன்முறை அவரை அருகில் வைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்க. கருவி பொதுவாக இருந்து, கற்றவர் அருகிருந்து, கைகள் பொறுமையோடு உழைத்தால், சந்தை நாளுக்கு முன்னரே வண்டி முற்றத்தை விட்டுப் புறப்படும். உழைத்தவரும் ஊறின்றி வீடு சேர்வர்.